பெரணி வளர்க்க விரும்பும் பெருமக்களுக்கு

பெரணி வளர்க்க மூன்று பொருத்தங்கள் போதும். மூட்டில் ஒழுகும் குழாய் ஒன்று. "இதோ கிளம்பிட்டேன் சார்" என்று போனில் சொல்லிவிட்டு வராத பிளம்பர் ஒருவர். வெயில் படாத வடக்குச் சுவர் ஒன்று. இவை அமைந்துவிட்டால் தொட்டி வேண்டாம், உரம் வேண்டாம், நீங்கள்கூட வேண்டாம். சொட்டும் தண்ணீர் சுவரில் வழிந்து, காரை ஊறி, கரும்பச்சையாய்ப் பாசி படர்ந்து, ஒரு மழைக்காலம் கழிந்ததும் சன்ஷேடுக்கு அடியில் சுருண்ட தளிர் ஒன்று தலைகாட்டும். அடுத்த மழைக்குள் அது குடும்பமாகிவிடும். அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் அண்ணாந்து பார்த்து, "பில்டிங்ல செடி முளைக்குது, வேர் உள்ள போயிடும்" என்று பதறுவார். அந்தப் பதற்றம் அரசங்கன்றுக்குப் பொருந்தும். பெரணியின் வேர் வெறும் நூல். சுவரைப் பிளக்கும் வலு அதற்குக் கிடையாது. தண்ணீர் எங்கே கசிகிறது என்பதை மட்டும் கட்டணம் வாங்காமல் காட்டிக்கொடுக்கும்.

இப்படிச் சுவரேறும் வகைகளில் அடிக்கடி கண்ணில் படுவது டெரிஸ் விட்டேட்டா. இலைக்காம்பின் இருபுறமும் நீள நீளமான சிற்றிலைகள். அடியில் குட்டையாய்த் தொடங்கி மேலே போகப் போக நீண்டு, உச்சியில் ஒற்றையாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பெரணிகளுக்குச் சற்றே அமிலத் தன்மையுள்ள மண் பிடிக்கும். இதற்குப் பிடித்தது சுண்ணாம்பு. பழைய காரைக் கட்டடம், பாலத்தின் அடிவயிறு, பாழுங்கிணற்றின் உட்சுவர் எல்லாம் இதற்குப் பட்டா போட்ட நிலம். மண்ணிலுள்ள ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் வல்லமை இதற்கு உண்டு என்று 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆர்செனிக் தின்று சிரித்துக்கொண்டிருக்கும் இனத்தைத்தான் நீங்கள் பீங்கான் தொட்டியில் உட்காரவைத்து, வாரம் ஒருமுறை பஞ்சகவ்யம் ஊட்டிக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறீர்கள்.

சொன்னால் கேட்கமாட்டீர்கள். சரி, முறைப்படி தொடங்குவோம்.

நர்சரிக்குப் போய் "பெர்ன் இருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். அவர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஆஸ்பராகஸாக இருக்கும். பூங்கொத்துக்காரர்கள் ரோஜாவுக்குப் பின்னால் சொருகுவார்களே, மென்பச்சையாய், ஊசி ஊசியாய், அது. பெயர் அட்டையிலும் 'ஆஸ்பராகஸ் பெர்ன்' என்றே எழுதியிருக்கும். அது பெரணியே அல்ல. பூக்கும், காய்க்கும், தண்டில் முள்ளும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் விற்கிற தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனாலும் வாங்கலாம். நாலு நாள் தண்ணீர் மறந்தாலும் பிழைத்துக்கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெரணி வளர்ப்பதாகப் பெருமையும் அடித்துக்கொள்ளலாம். பொய் வெளிப்பட வாய்ப்பு மிகக் குறைவு. இந்தக் கட்டுரையிலேயே உருப்படியான யோசனை இதுதான் என்பதால், அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அசல் பெரணிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நர்சரியில் நாலைந்து வகை இருக்கும். கொத்தாய் வழிந்து தொங்கும் பாஸ்டன் பெர்ன், அகன்ற இலைகள் வட்டமாய் எழும்பி நடுவில் பள்ளம் விட்டிருக்கும் பேர்ட்ஸ் நெஸ்ட், பலகையில் கட்டித் தொங்கவிட்ட மான்கொம்பு, கருங்கம்பிக் காம்பும் குட்டி விசிறி இலைகளுமாய் அடியாண்டம். அடியாண்டத்தைப் பார்த்ததும் மனம் இளகும். இளகவிடாதீர்கள். ஒரே ஒரு மதியம் மண் காய்ந்தால் போதும், மாலையில் விரல் பட்டாலே பொடியாய் உதிரும். இதே அடியாண்டம்தான் உங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றுக்குள், செங்கல் இடுக்கில், வாளி ஏறி இறங்கும்போது சிந்துகிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு யாரும் கேட்பாரில்லாமல் செழித்துக்கிடந்தது. கிணற்றைத் தூர்த்தோம், கிணற்றடிக்கு டைல்ஸ் ஒட்டினோம், காரை நிறுத்தினோம். இப்போது அதே செடியை அதே காரில் காசு கொடுத்து வாங்கிவருகிறோம்.

பில் போடும்போது, "எப்படி அண்ணே பாத்துக்கணும்?" என்று கேட்பீர்கள். "டெய்லி தண்ணி ஊத்துங்க சார், அவ்ளோதான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தலைக்கு மேலே பச்சை நிழல் வலை. காலடியில் எந்நேரமும் ஈரமாயிருக்கும் மணல். சுற்றிலும் வரிசை வரிசையாய்த் தொட்டிகள் ஒன்றுக்கொன்று ஈரக்காற்றை ஊதிக்கொண்டிருக்கின்றன. ஓஸ் பைப்போடு ஒரு பையன் செடி, தரை, வாடிக்கையாளரின் செருப்பு என்று பேதம் பார்க்காமல் நனைத்துக்கொண்டே திரிகிறான். அங்கே அவ்ளோதான். நீங்கள் வாங்கியது செடியை மட்டும். அந்த மணலும் வலையும் பையனும் பில்லில் சேரவில்லை.

அடுத்தது இடம். நிழலில் வளரும் என்று எங்கோ படித்துவிட்டு, நம்மவர்கள் மாடிப்படிக்கு அடியிலும், ஜன்னலே இல்லாத குளியலறையிலும், ஷூ ரேக்குக்குப் பக்கத்திலும் கொண்டுபோய் வைக்கிறார்கள். நிழல் வேறு, இருட்டு வேறு. கோயில் பிராகாரத்தில் மதியம் உட்கார்ந்தால் விளக்கில்லாமல் தினசரி படிக்கலாமே, அந்த வெளிச்சம் வேண்டும். சோதித்துப்பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பகல் பதினொரு மணிக்குச் செடி வைக்கப்போகும் இடத்தில் கையை நீட்டுங்கள். கீழே விழும் நிழலில் ஐந்து விரலும் தனித்தனியாய்த் தெரிந்தால் அங்கே வெயில் அதிகம். விரல்கள் கலங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் அதுதான் இடம். நிழலே விழவில்லையென்றால் அங்கே செருப்பையே வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த பால்கனியின் இளவெயில் கெடுதல் செய்யாது. மேற்குப் பால்கனி என்றால், கத்திரி வெயில் தொடங்கும் நாளே செடிக்குக் காரியம் நடத்தும் நாள்.

இந்த நிழல் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வம்சக் கதை இருக்கிறது. பெரணி இனம் பூக்கும் செடிகளைவிடப் பழையது. 36 கோடி ஆண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். பழைய சொத்துக்காரர்கள், பிறகு வந்த பூச்செடிகளும் மரங்களும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டதும் ஒதுங்கி ஒடுங்கிப்போனார்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2004இல் வெளியான மரபணு ஆய்வு வேறு கதை சொன்னது. இன்றைக்கு இருக்கிற பெரணி வகைகளில் பெரும்பாலானவை பூக்கும் மரங்கள் வந்த பிறகே, அவற்றின் நிழலிலேயே கிளைத்துப் பெருகியவை. மங்கிய வெளிச்சத்தை உணர அவற்றுக்கு நியோக்ரோம் என்றொரு புரதம் உதவுகிறது. அதற்கான மரபணு, பாசிக்கு உறவான ஹார்ன்வொர்ட் என்ற சின்னஞ்சிறு செடியிடமிருந்து வந்திருக்கிறது என்று 2014இல் கண்டார்கள். தாய் வழியும் அல்ல, தகப்பன் வழியும் அல்ல. பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று. திருப்பித் தந்ததாகத் தகவல் இல்லை. இவ்வளவு பாடுபட்டு நிழலுக்குப் பழகிய செடியை, 'கொஞ்சம் வெயில் பட்டாத்தான் தேறும்' என்று மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிற கருணை உள்ளங்கள் நம்மிடையே வாழ்கின்றன.

ஹாலில் தொங்கவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். வெயிலைவிட, காய்ந்த காற்று பெரணிக்குப் பெரிய எதிரி. ஏசி அறையும் அப்படியே. இதற்குப் பரிகாரமாக, காலையும் மாலையும் பிசுக் பிசுக்கென்று ஸ்பிரே அடிப்பது நாகரிகமாகியிருக்கிறது. அந்த ஈரம் சற்று நேரத்தில் பறந்துவிடும். அடிப்பவருக்கு ஏற்படும் மனநிறைவு மட்டும் அன்று முழுவதும் நிற்கும். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, அடி நனையாமல் தொட்டியை அதன்மேல் வைப்பதும், நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைப்பதும் அதைவிடப் பயன் தரும். பயன் குறைவாகத் தெரிகிற வேலை என்பதால் யாரும் செய்வதில்லை.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு, உப்புப் போக அலசிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, தண்ணீர் வடியக் கொஞ்சம் ஆற்று மணல். நடும்போது தண்டுக்கிழங்கை ஆழப் புதைக்காதீர்கள். சுருள் தளிர் புறப்படும் கொண்டைப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். ரசாயன உரத்தைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் கால்பங்கு போட்டால் தாராளம். பால் சர்க்கரையோடு டீ வடிகட்டிய சக்கையைக் கொட்டினால் எறும்பு செழிப்பாக வளரும்.

தண்ணீர்தான் பெரிய பாடம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துவைத்துச் செடிக்கு ஊற்றும் சிக்கனம் பல வீடுகளில் நடக்கிறது. போர்த் தண்ணீரில் இருந்த உப்பையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கொடுத்த தண்ணீர் அது. நல்ல பங்கை நீங்கள் குடித்துவிட்டு, மிச்சமிருக்கும் உப்புக்கரைசலைப் பெரணிக்குத் தருகிறீர்கள். சில வாரத்தில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். இலை நுனிகள் ஒவ்வொன்றாய்ப் பழுப்பாகிக் கருகும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு வாளி ஊற்றுவீர்கள். அந்தத் தண்ணீர் வாசல் கழுவ உதவும், கழிப்பறைக்கு உதவும். பெரணிக்கு மழைத் தண்ணீர் பிடித்துவையுங்கள். ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுவதும் நல்லது. காற்றிலிருந்து குளிர்ந்து வடிகிற தண்ணீரில் உப்பு இருப்பதில்லை. கோடையில் அந்தக் குழாய்க்கு அடியில் வாளி வைக்கிற வீட்டில் பெரணி பிழைக்கிறது.

இனி, எல்லாம் நல்லபடி நடந்து செடி செழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஆபத்து. ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். "ஐயோ, பூச்சி!" வாட்ஸ்அப்பில் மைத்துனிக்குப் படம் போகும். அவர் வேப்பெண்ணெய் என்பார், பக்கத்து வீட்டு மாமா மண்ணெண்ணெயும் சோப்பும் என்பார். பழைய பல் துலக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியையும் சுரண்டி எடுப்பீர்கள். சுரண்டி எடுத்தது அந்தச் செடியின் சந்ததியை.

சுரண்டுமுன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நடு நரம்பின் இருபுறமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கோலப்புள்ளி வைத்த ஒழுங்கில் இருந்தால் அவை வித்துத்தூள் பைகளின் கொத்துகள். பாஸ்டன் பெர்னின் சொந்தக்கார வகைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிறுநீரக வடிவில் மெல்லிய மூடிகூட இருக்கும். டெரிஸில் புள்ளியே இராது; இலையோரம் மடிந்து, அந்த மடிப்புக்குள் பழுப்புக் கோடாய் ஓடும். பேர்ட்ஸ் நெஸ்டில் நடு நரம்பிலிருந்து சாய்ந்த கோடுகள் வரிசையாய்ப் போகும். இதற்கு மாறாக, தாறுமாறாய், பெரிதும் சிறிதுமாய், காம்பிலும் மேல்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் நெம்பினால் பிசுபிசுப்பாய் வந்தால் அது செதில் பூச்சி. அப்போது பல் துலக்கி எடுக்கலாம். ஒழுங்காய் இருந்தால் குழந்தை, ஒழுங்கில்லாமல் இருந்தால் பூச்சி. மனிதக் குடும்பங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

மான்கொம்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதன் அடியில் பலகையோடு ஒட்டிக் காய்ந்த பழுப்பு இலை கவசமாய் மூடியிருக்கும். சுத்தத்தில் அக்கறையுள்ளவர்கள், தீபாவளிக்கு வீடு துடைக்கிற கையோடு, காய்ந்த சருகென்று அதையும் உரித்து எறிவார்கள். வேரைக் காப்பதும் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் அந்தச் சருகுதான். உரித்த பிறகு பலகை பளிச்சென்று இருக்கும், செடி இருக்காது.

வித்துத்தூளிலிருந்தே வளர்ப்பேன் என்கிற வீரர்களும் உண்டு. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. ஆனாலும் பெருகுகிறதே, எப்படி என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விதை இருந்தாக வேண்டும், கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே அது கண்ணுக்குத் தெரியாத விதை என்று முடிவு கட்டினார்கள். அங்கிருந்து, அந்த விதையை வைத்திருப்பவனும் கண்ணுக்குத் தெரியாமல் போவான் என்று அடுத்த படி ஏறினார்கள். கோடையில் புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவு காட்டுக்குப் போய் அதைச் சேகரிக்க வேண்டும் என்று ஐதீகம். சீட்டுப் பணம் பாக்கி வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். உண்மையை 1851இல் முழுதாய் விளக்கியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். அப்போது அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. அப்பாவின் இசைப் புத்தக வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு, கடை திறக்குமுன் அதிகாலையில் நுண்ணோக்கியில் கண் பதித்தவர். தூள் ஈரத்தில் முளைத்து, விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாகிறது. அந்தத் தகட்டில்தான் ஆணும் பெண்ணும். ஆண் அணு பெண் அணுவிடம் போய்ச்சேர நீந்த வேண்டும்; நீந்த ஒரு சொட்டுத் தண்ணீராவது வேண்டும். பெரணி ஈரத்தை விட்டு நகராததற்குக் காரணம் இந்தக் கல்யாண ஏற்பாடு.

வீட்டில் செய்வதென்றால், கொதிநீர் ஊற்றி ஆறவைத்த நார்த்தூளின் மேல் வித்துத்தூளைத் தூவி, கண்ணாடியால் மூடி, நிழலில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு பச்சைப் படலம் தெரியும். வீட்டிலுள்ளவர்கள், "பாசி பிடிச்சிருக்கு, கழுவி வெச்சுட்டேன்" என்று உதவி செய்வார்கள். பெரணி வளர்ப்பில் இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் குறைவு.

கண்ணாடியால் மூடுவது என்றதும், டீக்கடை பிஸ்கட் பாட்டில் ஒன்றுக்குச் சொல்லிவையுங்கள். 1829இல் லண்டனில் நதானியல் வார்டு என்ற டாக்டர் தோட்டத்தில் வைத்த பெரணிகளெல்லாம் நகரத்து நிலக்கரிப் புகையில் செத்துக்கொண்டிருந்தன. அவர் அந்துப்பூச்சி பொரிவதைப் பார்க்க, கூட்டுப்புழுவொன்றை ஈர மண்ணோடு பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். உள்ளே முளைத்தவை ஒரு பெரணியும் ஒரு புல்லும். சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் கிட்டத்தட்ட 4 ஆண்டு உயிரோடிருந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே போன பிறகுதான் அழிந்தன. அந்தப் பாட்டில்தான் வார்டியன் பெட்டியாகி, கப்பலில் உப்புக்காற்று படாமல் செடிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்தியது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் அப்படித்தான். இங்கிலாந்து மக்களுக்கோ பெரணிப் பைத்தியமே பிடித்துவிட்டது. 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அந்த நோய்க்கு 'டெரிடோமேனியா' என்று பெயரும் வைத்தார். பிஸ்கட் பாட்டிலில் அடியாண்டம் நன்றாக வரும். கையை வைத்துக்கொண்டு சும்மாயிருக்க முடியாதவர்களிடமிருந்து செடியைக் காப்பாற்ற மூடியைவிடச் சிறந்த வழி இல்லை.

பெரணி மேல் உங்களுக்கு ஆசை வந்தது புதிதாக இருக்கலாம். அது உங்கள் வீட்டுக்குள் முன்பே வந்துபோயிருக்கும். நாலு இதழ் விரித்து வயலிலும் குளத்திலும் கிடக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. மாட்டுக்குப் போடுகிற அசோலா ஒரு பெரணி. கொல்லிமலைக்குப் போனவர்கள் மூட்டு வலிக்கு சூப் குடித்துவிட்டுக் கையோடு வாங்கிவருகிற முடவாட்டுக்கால், பாறையையும் மரத்தையும் பற்றிப் படர்கிற ஒரு பெரணியின் தண்டு; ஆட்டுக்கால் போலவே பழுப்பு ரோமம் போர்த்தது. கிழங்கு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதற்காகக் கண்ட பெரணியையும் ரசம் வைத்துவிடாதீர்கள். ஆர்செனிக்காரரை நினைவில் கொள்ளவும்.

மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு, இது விளையாட்டல்ல. கொடைக்கானல், ஊட்டி சோலைக்காடுகளில் மரமாகவே நிற்கும் பெரணிகள் இருக்கின்றன. சையத்தியா என்கிற அந்த மரப்பெரணிகள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. ஓடையோரத்திலும் சாலைச் சரிவிலும் அவற்றின் கன்றுகளையும், பெயர் தெரியாத பல குட்டிப் பெரணிகளையும் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, டிக்கியில் போட்டுக்கொண்டு இறங்குகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. வத்தலக்குண்டு வருவதற்குள்ளேயே அவை வாடத் தொடங்கும். சென்னை மாகாண வனத்துறையிலிருந்த கர்னல் பெடோம் 1860களிலேயே தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு நூலாகப் பதிப்பித்தார். பாளையங்கோட்டையைச் சேர்ந்த தாவரவியலாளர்கள் மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றிய பெருநூலை 1992இல் கொண்டுவந்தார்கள். கொண்டுவர ஆசையாயிருந்தால் பெயரைக் கொண்டுவாருங்கள். செடியாய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் பெரணிக்கென்றே ஒரு வீடு இருக்கிறது.

கடைசியாக, எதை வாங்குவது என்று கேட்டால்: முதல் செடிக்கு பாஸ்டன் பெர்ன்தான். அடியாண்டம் வேண்டாம், மான்கொம்பு பிறகு. ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் மண்ணில் நூல் விட்டுத் தானே குட்டி போடும். மழை தொடங்கியதும் வேரோடு கத்தியால் பிரித்துத் தனித்தொட்டியில் வையுங்கள், ஒன்றைப் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போதே இலையின் அடியில் வரும் பழுப்புப் புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அவரிடம் மண்ணெண்ணெய் இருக்கிறது.